வட்டக்கோட்டையும் வட்டக் காசும்

வட்டக்கோட்டை வட்டமாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு போகிறவர்களும், மாம்பலத்தில் மாம்பழம் தேடுகிறவர்களும் ஒரே ஜாதி. பெயரில்தான் வட்டம் இருக்கிறது, கோட்டையோ நீள்சதுரம். அப்படியானால் வட்டம் எங்கே போயிற்று? அதைத் தேடிக்கொண்டு போன நமக்குக் கடைசியில் அது ஒரு வெள்ளிக் காசிலே அகப்பட்டது. அதுவும் சாமானியக் காசல்ல. மிளகைத் தட்டையாகத் தட்டினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவே பருமன்! அந்தக் காசைப் பற்றியும், அது குடியிருந்த விசித்திரமான வீட்டைப் பற்றியும் சொல்வதற்கு முன்னால், கோட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்.

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே அஞ்சுகிராமம் செல்லும் சாலையில் சுமார் 6 கிலோமீட்டர் போனால் வட்டக்கோட்டை வந்துவிடும். குமரி முனையில் சூரியோதயம் பார்த்துவிட்டு, இட்லியும் சாப்பிட்டுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரம். ஆனாலும் குமரிக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் பார்த்துவிட்டு, சங்கும் பாசிமணியும் வாங்கிக்கொண்டு ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். அதனால் கோட்டைக்கு ஒரு நன்மை. இங்கே அமைதி இருக்கிறது.

கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போனால் நடுவில் ஒரு குளம். சுற்றிலும் கருங்கல் மதில். உயரம் சுமார் 25 அடி. பரப்பு மூன்றரை ஏக்கர். குதிரைகளும் பீரங்கிகளும் ஏறுவதற்கு வசதியாகச் சரிவாகக் கட்டிய பாதை வழியே நாமும் மேலே ஏறினோம். ஏறி நின்றதும் நம் புகைப்பட நண்பர், "அடடா!" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. கிழக்கேயும் தெற்கேயும் நீலக் கடல். கீழே கரையில் கருமணல். மேற்கே திரும்பினால் தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் மருந்துவாழ்மலை, அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசித் துணுக்குகள். இவற்றுக்கு நடுவே ராக்ஷசக் கை மாதிரிச் சுழலும் காற்றாலைகள். காற்றோ, தலையில் தொப்பி வைத்தவனுக்குத் தொப்பியும் வைக்காதவனுக்குத் தலையும் பறந்துவிடும் போலிருந்தது.

வலிய கப்பித்தான் கட்டிய மதில்

இந்த மதிலைக் கட்டுவித்தவர் ஒரு பகைவர், பிறகு நண்பரானவர்.

1741-ம் ஆண்டு குளச்சலில் டச்சுக் கம்பெனிப் படைக்கும் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கும் சண்டை நடந்தது. டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்டவர்களில் டி லனாய் என்பவரும் ஒருவர். மார்த்தாண்ட வர்மா அவரைக் கொல்லவில்லை. சிறையில் வைத்து வீணாக்கவுமில்லை. "ஐரோப்பிய முறையில் எங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடும், கோட்டை கட்டிக் கொடும்" என்று வேலையில் அமர்த்திவிட்டார். தோற்ற மனிதர் ஜயித்த ராஜாவுக்குத் தளபதியானார். ஜனங்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்று அழைத்தார்கள். 1777-ல் காலமானார். தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் அவருடைய சமாதி இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடற்கரையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வரையில் திருவிதாங்கூரின் கிழக்கு எல்லையைக் காக்க ஓர் அரண் வரிசை இருந்தது. அந்த வரிசையின் கடல் முனைதான் வட்டக்கோட்டை. பழைய கோட்டை ஒன்று இருந்த இடத்தில் டி லனாய் கருங்கல்லால் இதை வலுப்படுத்தினார் என்பார்கள். பாண்டியரை நினைவூட்டும் மீன் சின்னத்தையும் இங்கே காட்டுகிறார்கள். 1809-ல், வேலுத்தம்பி தளவாயின் கலகத்தின்போது, ஆங்கிலேயப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்து உள்ளே நுழைந்தது. அதற்குப் பிறகு இந்தக் கோட்டைகளுக்கெல்லாம் வேலை போய்விட்டது. இன்று வட்டக்கோட்டை தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் சௌக்கியமாக இருக்கிறது.

யுத்த சரித்திரம் இத்துடன் போதும். இனிமேல் வருவது காசுச் சரித்திரம்.

எல்லை தாண்டினால் வேறு கணக்கு

பீரங்கிகளுக்கு வேலை போன பிறகும் இந்தப் பக்கத்து எல்லைக்கு வேலை போகவில்லை. அது பணத்தின் எல்லையாக நின்றுகொண்டிருந்தது. கிழக்கே திருநெல்வேலிச் சீமையில் ரூபாய், அணா, பைசா. மேற்கே திருவிதாங்கூரில் பணம், சக்கரம், காசு. கருப்பட்டிச் சிப்பம் தலையில் சுமந்துகொண்டு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் சந்தைக்கு வருகிறவன் இரண்டு ராஜ்யங்களின் கணக்கையும் தலைக்குள்ளே சுமக்க வேண்டியிருந்தது.

திருவிதாங்கூர் வாய்ப்பாடு இதுதான்: 16 காசு ஒரு சக்கரம்; 4 சக்கரம் ஒரு பணம்; 7 பணம் ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம். இத்துடன் நின்றிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும்! அதாவது உள்ளூர் ரூபாய்க்கு 448 காசு; வெள்ளைக்காரன் ரூபாய்க்கு 456 காசு. அந்த எட்டுக் காசு வித்தியாசத்தில் எத்தனை சந்தைச் சண்டைகள் நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதிலே சக்கரம் என்பதுதான் நம் கதாநாயகன். பழைய வெள்ளிச் சக்கரம் அரைக் கிராம்கூட நிறையில்லாதது. குறுக்களவு ஆறேழு மில்லிமீட்டர். விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும், நகக் கண்ணில் நுழைந்துகொள்ளும், தும்மினால் பறந்துவிடும். இந்தப் பொடிக் காசில்தான் வரியும் கூலியும் சம்பளமும் புழங்கின. 100 ரூபாய் என்றால் 2,800 சக்கரம். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. கஜானாவில் உட்கார்ந்து அத்தனையையும் ஒவ்வொன்றாக எண்ணுவதென்றால், எண்ணுகிறவருக்குப் பென்ஷன் வயது வந்துவிடும் அல்லவா?

அந்தச் சங்கடத்துக்கு இந்த நாட்டார் கண்டுபிடித்த பரிகாரம்தான் சக்கரப் பலகை.

துவரம்பருப்பில் ஒரு செய்முறை

கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் பழங்காசு சேர்க்கிறார். அவர் பெயரையும் ஊரையும் போடக் கூடாது என்பது நிபந்தனை. "போட்டால் திருடன் வருவானோ மாட்டானோ, உறவுக்காரங்க வந்திடுவாங்க" என்கிறார். அவருடைய வீட்டுத் திண்ணையில்தான் சக்கரப் பலகையைக் கண்ணால் பார்த்தோம்.

கைக்கு அடக்கமான மரப் பலகை. ஓரத்தில் மெல்லிய விளிம்பு. அதன் முகத்தில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை சிறு குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு சக்கரத்தின் அகலம், ஒரு சக்கரத்தின் ஆழம். இதே போல 50 குழி, 200 குழி என்றெல்லாமும் செய்வதுண்டாம்.

"எப்படி எண்ணுவார்கள், சார்?" என்று கேட்டோம்.

அவர் உள்ளே திரும்பி, "எம்மா, ஒரு பிடி துவரம்பருப்பு கொண்டா" என்று குரல் கொடுத்தார். பருப்பு வந்தது. பலகையின் மேல் அள்ளிப் போட்டார். இரண்டு கையாலும் பிடித்து, முறத்தில் அரிசி கொழிப்பது போல மெதுவாக அசைத்தார். பருப்புகள் ஓடின, உருண்டன, ஒவ்வொன்றாகக் குழியில் விழுந்தன. எஞ்சியதை உள்ளங்கையால் ஒரு வழி வழித்துக் கீழே தள்ளினார். பலகை நிறைந்திருந்தது.

"நூறு!" என்றார்.

நம் நண்பருக்குச் சந்தேகம். ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்த்தார். நூறுதான். அவர் எண்ணி முடிப்பதற்குள் ஆசிரியர் இன்னும் மூன்று பலகை நிரப்பிக் கவிழ்த்திருப்பார். ஒரு குழி காலியாக இருந்தால் கண்ணுக்கு உடனே தெரியும். அதனால் ஏமாற்றவும் வழியில்லை. 100 ரூபாய் எண்ண 28 தடவை அசைத்தால் போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்கு வந்த வெள்ளைக்காரர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து அதிசயித்துப் புஸ்தகத்தில் எழுதி வைத்தார்கள். நாமோ பலகையையே மறந்துவிட்டோம்.

அடுத்த வீட்டிலிருந்து தடியூன்றி வந்து உட்கார்ந்திருந்த பாட்டாவுக்கு வயது தொண்ணூறை எட்டுகிறது. அவர் சிரித்தார்.

"எங்க பாட்டா முதல்பிடிகிட்ட வேலை பாத்தாரு, கேட்டியளா? இந்தப் பலகையைக் கையில எடுத்தா மழை பெஞ்ச மாதிரி சத்தம் கேக்குமாம். நான் பாத்த சக்கரம் வேற. செம்பு. மகாராஜா தலை போட்டது. அதுக்குப் பலகை எதுக்கு? அப்பவே இது அடுப்பங்கரைக்குப் போயாச்சு."

முதல்பிடி என்றால் கஜானாக் காப்பாளர். பாட்டா சொன்னது சரித்திரத்துக்குப் பொருத்தமே. பொடி வெள்ளிச் சக்கரம் போய், அதன் இடத்துக்குப் பெரிய செம்புச் சக்கரம் வந்தது. கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் பாலராம வர்மாவின் காலத்துச் சக்கரத்தில் ஒரு பக்கம் அவர் திருமுகம். மறு பக்கம் வலம்புரிச் சங்கு. 1949 ஜூலை 1-ம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. அதை அடுத்துச் சக்கரமும் பணமும் புழக்கத்திலிருந்து விலகின. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1957 ஏப்ரல் 1-ம் தேதி நயா பைசா வந்தது. எட்டு வருஷத்துக்குள் சக்கரம், அணா, நயா பைசா என்று மூன்று வாய்ப்பாடுகளைப் படித்த தலைமுறை பாட்டாவினுடையது.

"இருந்தாலும் எங்க ஊர்ல பணத்துக்கு இன்னும் சக்கரம்னுதான் பேரு. கையில சக்கரம் இல்லன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான்" என்றார். அந்த விஷயத்தில் எல்லை தாண்டினாலும் கணக்கு ஒன்றேதான்!

பானையிலிருந்து பலகைக்கு

ஆசிரியர் தம்முடைய சேகரிப்பில் காசுகளை மட்டும் வைத்திருக்கவில்லை. காசு குடியிருந்த வீடுகளையும் வைத்திருக்கிறார். சுருக்குப் பை, பனையோலைக் கொட்டான், ஒரு கல்லாப்பெட்டி, மண் உண்டியல் எல்லாம் வரிசையாக வந்தன. "மனுஷன் காசைக் கண்டுபிடிச்ச மறுநாளே அதை எங்கே ஒளிக்கலாம்னு யோசிச்சிருப்பான்" என்பது அவர் சித்தாந்தம்.

நம் நாட்டில் மிகப் பழைய பெட்டகம் பூமாதேவிதான். பானையில் போட்டு மண்ணில் புதைத்துவிட்டால் கள்வனும் காண மாட்டான், வரி கேட்கிறவனும் காண மாட்டான். சில சமயம் புதைத்தவனே காணாமல் போய்விடுவான்! 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேசுவரர் கோயிலில் மண் தோண்டியபோது ஓர் உலோகப் பாத்திரம் கிடைத்தது. அதற்குள்ளே 505 பொற்காசுகள், எடை 1.7 கிலோவுக்கு மேல். யார் புதைத்தார்களோ, எந்த ஆபத்துக்குப் பயந்து புதைத்தார்களோ! பாத்திரம் மட்டும் நம்பிக்கைத் துரோகம் செய்யவில்லை.

(வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்கள் தோட்டத்தில் இப்படி ஏதாவது கிடைத்தால் அது உங்கள் சொத்து என்று எண்ணிவிடாதீர்கள். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைப் பற்றிக் கலெக்டருக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும்.)

இவையெல்லாம் காசை ஒளித்து வைக்கிற வீடுகள். காட்டி வைக்கிற வீடு வேறு. அந்த ஆசை மேல்நாட்டில் பிரபுக்களிடையே பிறந்தது. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் பழைய ரோமானியக் காசுகளைத் தேடிச் சேர்த்தார். 1354-ல் சக்கரவர்த்தி நான்காம் சார்லஸைச் சந்தித்தபோது, 'உமக்கு முன்னால் ஆண்டவர்களைப் பாரும். அவர்களைப் போல் நடந்துகொள்ளும்' என்ற கருத்தில் அந்தக் காசுகளில் சிலவற்றைப் பரிசாகக் கொடுத்தார். அவருக்குப் பிறகு ராஜாக்களும் பிரபுக்களும் காசுக்கென்றே அலமாரி செய்யத் தொடங்கினார்கள். மெல்லிய மர இழுப்பறைகள். ஒவ்வோர் இழுப்பறையிலும் வட்டமாகக் குடைந்த குழிகள். குழிக்கு அடியில் துணி. அதற்கு எந்த மரம் நல்லது என்பதிலே பெரிய பாடம் படித்தார்கள். ஓக் மரத்திலிருந்து கசியும் அமில ஆவி காசை அரித்தது. மஹாகனி மரம் சாது. ஆகவே காசு அலமாரிக்கு மஹாகனி என்று ஆயிற்று.

ஏழை எளியவர்களுக்கு இந்த அலமாரி எட்டுமா? எட்டும்படி செய்தவர்கள் அமெரிக்கர்கள். 1930-களில் அங்கே பெரிய பணமுடை. வேலையில்லை, பொழுதும் போகவில்லை. அப்போது விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஜே. கே. போஸ்ட் என்பவர் ஓர் அட்டைப் பலகை செய்தார். அதில் வரிசை வரிசையாக வட்டத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் கீழே ஒரு வருஷம் அச்சிட்டிருக்கும். சட்டைப் பையில் வருகிற சில்லறையில் அந்த வருஷத்துச் செப்புக் காசு அகப்பட்டால் துளையில் அழுத்தி வைக்க வேண்டியது. எல்லாத் துளைகளையும் நிரப்பிவிட்டால் ஜயம்! அதே மாகாணத்து விட்மன் கம்பெனி இதை எடுத்துக்கொண்டு நாடு முழுவதும் பரப்பியது; பிறகு புஸ்தகம் போல மடக்குகிற நீல அட்டையாகவும் ஆக்கியது. சிறு பிள்ளைகள்கூட நாணய ஆராய்ச்சிக்காரர்கள் ஆனார்கள்.

இதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் ஒரு நீல அட்டையைச் சக்கரப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் குழி, குழிக்கு ஒரு காசு, காலிக் குழி கண்ணை உறுத்தும். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்யவில்லை. நாஞ்சில் நாட்டார் எண்ணுவதற்குச் செய்தார்கள். அமெரிக்கர்கள் சேர்ப்பதற்குச் செய்தார்கள். மனித மூளை தூர தேசங்களில் தனித்தனியே யோசித்தாலும் சில சமயம் ஒரே வட்டத்துக்குள் வந்து நிற்கிறது.

பளபளப்பான விரோதி

அட்டைக்குப் பின் பிளாஸ்டிக் காலம். அதிலேதான் ஆபத்து வந்தது. மிருதுவாக வளைகிற பி.வி.ஸி. பிளாஸ்டிக் உறைகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நாளடைவில் அந்தப் பிளாஸ்டிக்கிலிருந்து கசிகிற பொருள்கள் காசின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். கூடவே பிறக்கும் அமிலம் காசைத் தின்னும். செம்புக்குப் பெருங்கேடு, வெள்ளிக்கும் கேடு. உலகமெங்கும் சேகரிப்பாளர்கள் தலையில் கை வைத்துக்கொண்ட பிறகு, மைலார் என்னும் கெட்டியான ஒளிப்படலம் வைத்த அட்டைச் சட்டங்கள் வந்தன. 1986-ல் அமெரிக்காவில் இன்னொரு படி ஏறினார்கள். நிபுணர்கள் காசைப் பரிசோதித்து, மார்க்குப் போட்டு, திறக்க முடியாத கெட்டி வில்லைக்குள் அடைத்து முத்திரை வைத்துக் கொடுக்கிற கம்பெனி ஆரம்பமாயிற்று. இன்று காசுக்குப் பாஸ்போர்ட் மாதிரி அது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் பேத்தியுடன் வந்தார். கையில் ஒரு மிருதுவான பிளாஸ்டிக் பை. ஆசிரியர் அதைப் பார்த்ததும் முகம் சுருங்கினார்.

பைக்குள் 40 வெள்ளிச் சக்கரங்களும் சில செப்புக் காசுகளும் இருந்தன. செப்புக் காசுகளின் மேல் பச்சைப் பிசின். வெள்ளியிலும் இரண்டொன்றில் தொடங்கியிருந்தது.

"இது எதுல இருந்தது, ஆச்சி?"

"ஓலைக் கொட்டான்லதான் கெடந்தது. எங்க அம்மைக்க அம்மை கருப்பட்டி வித்துச் சேத்த சக்கரம். எனக்கு அம்மை தந்தா. கொட்டான் பழசாப் போச்சுன்னு இவதான் அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால இதுல மாத்தினா. இப்போ பாத்தா பிசுபிசுன்னு இருக்கு. புளி போட்டுத் தேச்சிரலாமான்னு கேக்கா. தட்டாசாரிகிட்ட குடுத்தா உருக்கிக் கொலுசுக்குச் சேத்துக்கிடலாம்னும் சொல்லுதா."

ஓலைக் கொட்டானில் மூன்று தலைமுறை பத்திரமாக இருந்த காசு, பளபளப்புப் பையில் ஐந்தாறு வருஷத்தில் நோயாளியாகிவிட்டது! கொலுசுக்கு என்று உருக்கினால் என்ன கிடைக்கும்? நாற்பது சக்கரமும் சேர்ந்து பதினைந்து கிராம் வெள்ளி தேறும். ஒரு காலுக்குக்கூடக் காணாது.

ஆசிரியர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. செப்புக் காசுகளைத் தனியே எடுத்து வைத்தார். வெள்ளிச் சக்கரங்களை மட்டும் பலகையில் மெதுவாகக் கொட்டி அசைத்தார். நான்கு வரிசை நிறைந்தது. ஆறு வரிசை காலியாக இருந்தது.

ஆச்சி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு கெடந்ததே!" என்றார். "பிள்ளைகளுக்குப் பல்லாங்குழின்னு குடுத்தோம். அப்புறம் வென்னி போட எரிச்சிட்டோம்."

பாட்டா தலையை ஆட்டினார். யாரும் பேசவில்லை. ஒரு ராஜ்யத்தின் கஜானாக்களிலெல்லாம் மழை போல் சத்தமிட்ட பலகைகள் இப்படித்தான் போயிருக்கின்றன. காசுக்காவது வெள்ளி என்று ஒரு மதிப்பு உண்டு. அது இருந்த மரத்துக்கு என்ன மதிப்பு? எதற்கு என்று தெரியாத பொருளை எரிக்க யாரும் யோசிப்பதில்லை.

கடைசியில் ஆச்சி ஒரு முடிவுக்கு வந்தார். "எனக்குப் பேத்தி மூணு பேரு. கொலுசு வேண்டாம். மூணாப் பிரிச்சுக் குடும், சார்."

நாற்பதை மூன்றாகப் பிரித்தால் பதின்மூன்று பதின்மூன்றாகப் போய் ஒன்று மிஞ்சியது. "அது உமக்கு" என்று ஆச்சி ஆசிரியரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "உங்களுக்குத்தான் ஆச்சி. நீங்க வச்சிருந்தாத்தான் மத்த மூணுக்கும் சாட்சி" என்றார். பிறகு மூன்று காகித உறைகள் எடுத்து, மூன்றின் மேலும் ஒரே வாசகத்தைப் பென்ஸிலால் எழுதினார்: யார் சேர்த்தது, எதை விற்றுச் சேர்த்தது, யார் யாருக்குக் கொடுத்தது. "காசைப் பிரிச்சாலும் பரவாயில்லை. இந்த எழுத்தைப் பிரிச்சிடக் கூடாது" என்று பேத்தியிடம் சொன்னார். அந்தப் பெண் முதல் தடவையாகத் தன் பூட்டியின் பெயரைக் கேட்டு, உறையின் மேல் தானே எழுதினாள்.

வீட்டில் காசு வைத்திருப்பவர்களுக்கு

ஆசிரியரிடம் கேட்டு வந்த சில யோசனைகளை வாசகர்களுக்குத் தருகிறோம். முக்கியமாகக் கடலோரத்தில் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் செம்புக்கு ஜன்ம சத்துரு.

பழங்காசைப் புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பொடி எதையும் கொண்டு தேய்க்காதீர்கள். மேலே படிந்திருக்கும் பழுப்பு நிறம் அழுக்கல்ல. அதுதான் காசின் சட்டை. உரித்தால் காசும் போகும், மதிப்பும் போகும். விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள், முகத்தைத் தொடாதீர்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். காதில் வளையம் பற்றவைத்துப் பதக்கமாக்கினால் அது நகை, காசல்ல. மிருதுவாக வளைந்து, புதுச் செருப்புக் கடை வாசனை அடிக்கிற பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். மைலார் வைத்த அட்டைச் சட்டம் நல்லது. அமிலமில்லாத காகித உறையும் போதும். ஈரம் வாங்கும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். திருவிதாங்கூர்க் காசுகள் பலவற்றில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். அத்துடன் 825-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் ஏறக்குறைய வந்துவிடும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தராது. அமெரிக்காவிலுள்ள பிள்ளைக்குப் பார்சல் கட்டிவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தக் காசு உங்களுக்கு எப்படி வந்தது என்று எழுதி வையுங்கள். கடைக்காரர் காசுக்கு விலை சொல்லிவிடுவார். உங்கள் பாட்டி எத்தனை மைல் நடந்து எதை விற்று அதைச் சேர்த்தாள் என்பதை அவரால் சொல்ல முடியாது.

குமரிக்குப் போகும்போது வட்டக்கோட்டைக்கும் போய் வாருங்கள். ஊர் திரும்பியதும் மறக்காமல் பரணில் ஏறி ஒரு தடவை பாருங்கள். குழி குழியாக ஒரு பழைய பலகை கிடந்தால், தயவுசெய்து வெந்நீர் அடுப்புக்கு வேறு விறகு தேடிக்கொள்ளுங்கள்.